கேஸ் நம்பர் 8471

கோமதிநாதன் வாத்தியார் கைது செய்யப்பட்டபோது காலை மணி பதினொன்றே கால். முப்பது பெற்றோர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க இப்ப டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க சார். இடத்த விட்டு அசையக் கூடாது” என்றது போன் ஸ்பீக்கரில் வந்த கட்டைக் குரல்.

வாத்தியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சொல்லி வைத்தாற்போல ஒரு மோசடிக்காரன் இந்த நேரம் பார்த்தா கூப்பிட வேண்டும்!

சங்கரன்கோவிலில் இருந்த அந்த அரசு சைபர் தொழில்நுட்பப் பள்ளிக்கு அன்று சேர்க்கை நாள். பதினோராம் வகுப்பில் இருபத்தைந்து பேராவது சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வந்திருந்ததோ ஒன்பது விண்ணப்பம். வாத்தியாருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

போன் வருவதற்குச் சற்று முன்புதான் அவர் எல்லோருக்கும் லேபைச் சுற்றிக் காட்டினார். சுவரில் பெரிதாக ஒரு புகைப்படம். கீழே, ‘பேச்சிராஜ், முதல் பேட்ச், மாணவர் எண் 1748, பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை’ என்று எழுதியிருந்தது.

“குருவிகுளத்துப் பய. ஏஜென்டுக்கு லெட்டர் குடுத்து அனுப்பி வெச்சதே நான்தான். அந்தா நிக்காளே சண்முகப்ரியா, அவன் தங்கச்சி. இங்கனதான் பிளஸ் டூ படிக்கா.”

“அடிக்கடி போன் பண்ணுவானோ?” என்று கேட்டார் தங்கசாமி. மகளைச் சேர்க்கலாமா வேண்டாமா என்ற யோசனையோடு திருவேங்கடத்திலிருந்து வந்திருந்தவர்.

“பெரிய வேலை அண்ணாச்சி. அவனுக்கு நேரம் ஏது?”

சண்முகப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

பேச்சிராஜ் படிக்கும்போதே செய்து வைத்துவிட்டுப் போன ஓர் ஏற்பாட்டையும் வாத்தியார் பெருமையாக விளக்கினார். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் மாணவர் எண்தான் லேப் பாஸ்வேர்டு. “எவனாவது மெரட்டிக் கேட்டா, குடுத்துருங்கன்னுதான் சொல்லுவோம். ஆனா கடைசி நம்பர்லருந்து மொத நம்பருக்கு வரணும். கம்ப்யூட்டர் சாதாரணமாத் தொறந்துரும், மெரட்டுதவனுக்குச் சந்தேகம் வராது. இங்கன என் மேசையில மட்டும் செவப்பு லைட் எரியும். பிள்ளைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சுக்கிடலாம்.”

தங்கசாமி தலையாட்டினார். ஆனால் விண்ணப்பத்தை எடுத்து நீட்டவில்லை. அப்போதுதான் போன் அடித்தது.

மோசடி அழைப்பு வந்தால் அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவன் சொல்லும் எண்களை ஒருவர் போர்டில் குறிக்க வேண்டும். பேச்சு முடிந்ததும் அவரே அந்த எண்ணை பிளாக் செய்து, ஒரு நிமிடத்துக்குள் ஆன்லைனில் புகாரும் பதிய வேண்டும். அன்றைய முறை சண்முகப்ரியாவுடையது.

“உங்க பேருக்கு வந்த பார்சல்ல போதைப் பொருள் இருக்கு சார். கேஸ் நம்பர் 8471. எழுதிக்கோங்க சார்.”

அவள் எழுதினாள்.

வாத்தியார் பெற்றோர்கள் பக்கம் திரும்பினார். “கொரல மாத்துத ஆப்பு போட்டுப் பேசுதான், கவனிச்சியளா? ஆனா, எந்த ஊர்ல போலீஸ்காரன் வார்த்தைக்கு வார்த்தை சார் போடுதான்?”

லேபே சிரித்தது.

“கேஸ் நம்பர் எட்டு, நாலு, ஏழு, ஒண்ணு. தயவுசெஞ்சு எழுதிக்கோங்க சார். போன வெச்சுராதீங்க.”

“ஏலே, ஒரே நம்பர எத்தன தடவ சொல்லுவ?” வாத்தியாருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. குரலை உயர்த்தினார். “உன் பின்னால மொதலாளி எவனும் நிக்கானா? அவன்ட்டச் சொல்லு, உனக்கு ஒழுங்கா ஏமாத்தக்கூடத் தெரியலன்னு! நான் இதுக்குப் பாடம் எடுக்கவம்லே!”

அந்தப் பக்கம் புரியாத பாஷையில் யாரோ அதட்டினார்கள். தொப்பென்று ஒரு சத்தம். “சார்...” என்று தொடங்கிய குரல் பாதியில் நின்றது.

“பயந்து போனக் கீழ போட்டுட்டான்!” என்று தங்கசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

வாத்தியார் இணைப்பைத் துண்டித்துப் போனைச் சண்முகப்ரியாவிடம் கொடுத்தார். பிளாக், புகார், எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டு விநாடி. அதுவரை எந்தப் பிள்ளையும் அவ்வளவு வேகமாக முடித்ததில்லை.

“அந்த நம்பரையே முடக்கிருவாங்க. இனி அந்தப் பய நம்மள மட்டுமில்ல, யாரையும் கூப்பிட முடியாது” என்றார் வாத்தியார்.

முதல் ஆளாக விண்ணப்பத்தை நீட்டியவர் தங்கசாமி. பிறகு வரிசையே நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இருபத்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். பள்ளி பிழைத்துவிட்டது. பெற்றோர்கள் கிளம்பிய பிறகு, வாத்தியார் பேச்சிராஜ் படத்தை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“எல்லாம் உன்னாலதாம்லே” என்றவர், சண்முகப்ரியாவைக் கூப்பிட்டார். “போர்ட அழிச்சுட்டுச் சாப்பிடப் போ மக்கா.”

அவள் அழிக்கவில்லை. டஸ்டரைப் பிடித்த கை அப்படியே நின்றது. போர்டைப் பார்த்தாள், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள், மறுபடி போர்டைப் பார்த்தாள்.

“என்னட்டி, உன் கையெழுத்தையே ரசிச்சுட்டு நிக்க?”

“சார்... அண்ணன் அவன் நம்பரத் திருப்பிச் சொல்லியிருக்கான்.”