சூரியனில் ஒற்றைப் புள்ளி

"புதுசா ஒண்ணு வந்துகீது பாரு, ஜஹீதா!"

இனாயத் தாளின் மேல் விரலை வைத்தான். ஜஹீதா குனிந்து பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

திருவல்லிக்கேணி மொட்டைமாடியில் காலை வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. தொலைநோக்கியின் வழியாகச் சூரியன் ஒரு சாசர் அளவுக்கு வெள்ளைத் தாளில் வந்து விழுந்திருந்தது. தினமும் அதன் கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைந்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடத்துக்கு இயற்பியல் நடத்தப் போவாள். இன்று வரைய வேலையே இல்லை. சூரியன் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

ஆனால் புதுப் புள்ளியை முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் அவள் புருஷன்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவன் கண் அல்லவா? அபிராமபுரம் சந்தில் நாய்க்குட்டி குறுக்கே வர நினைப்பதற்குள் இவன் கால் பிரேக்கில் இருக்கும். சர்க்கரை போடாத டீயோடு மேலே வந்து, படித்த பெண்டாட்டியை ஜெயித்துவிட்டு இறங்கிப் போவதில் அவனுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அதனால் அவள் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்கேங்க?"

விரல் இப்போது வேறு இடத்தில் போய் நின்றது.

"பக்கத்துல ஜோடி இருக்கா?"

"இல்ல. ஒண்ணே ஒண்ணுதான். நல்லா கருப்பா கீது."

தாளில் தூசியோ என்று வேறு தாள் வைத்தாள். அதிலும் இருக்கிறது என்றான். குரலில் ஜெயித்த குஷி இல்லை.

அவள் தாளை விட்டுவிட்டு அவன் கண்களைப் பார்த்தாள்.

போன வாரம் இதே இடத்தில் நின்றுதான் அவன் கேட்டான், இந்தப் புள்ளியெல்லாம் எப்படி வருகிறது என்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சூரியனைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே காந்தப்புலம் கயிறு மாதிரித் திரண்டு மெல்ல மேலே ஏறும், ஏறுவது வெளியே தெரியாது, ஒருநாள் மேற்பரப்பைப் பிளந்துகொண்டு வளைந்து வந்து திரும்ப உள்ளே இறங்கும், துணியில் போட்ட தையல் மாதிரி என்றாள். நூல் வெளியே வந்த இடத்தில் ஒரு புள்ளி, உள்ளே போன இடத்தில் ஒரு புள்ளி. அதனால் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வரும். ஒன்று தெரிந்துவிட்டால் மற்றது தூரத்தில் இல்லை.

இனாயத் அன்று சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

மெல்லத் தொலைநோக்கியை ஒதுக்கித் திருப்பினாள். சூரியன் தாளை விட்டு நழுவிப் போனது. வெறும் வெள்ளைத் தாள் மிஞ்சியது.

"இப்போ?"

அவன் விரல் அந்த வெறும் தாளிலும் எதையோ காட்டிக்கொண்டு நின்றது.

கீழே சந்தில் வேன் நிற்கிறது. தெருமுனைகளில் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். நேற்றும் அவர்களை ஏற்றிக்கொண்டு போனான். முந்தாநாளும் போனான். அல்லாவே என்று மனசுக்குள் அலறினாள்.

சாவிக்காகக் கையை நீட்டினாள்.

எதற்கு என்று இனாயத் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தான்.

பிறகு இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் அவள் முகத்தையே பார்த்தான்.

"ஜோடியாத்தான் வரும்னு சொன்னியே," என்றான். "இன்னொண்ணும் வந்துடுமா?"