ஆகாதவர்

ரத்தக்கொதிப்புக்காக டாக்டர் சொன்னதால், வடக்கனந்தல் விவசாயி கொளஞ்சி, கள்ளக்குறிச்சியில் நடக்கும் புத்தர் தியான வகுப்புக்கு முதல் தடவையாக வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தார்.

“உங்களுக்கு ஆகாத ஒருத்தரை நினைச்சு, அவரும் நல்லா இருக்கட்டும்னு மனசுக்குள்ள சொல்லுங்க,” என்றார் ஆசிரியை சுபஸ்ரீ.

கண்ணை மூடிய கொளஞ்சி பல்லைக் கடித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் தளர்ந்தது.

“யாரை நினைச்சீங்க ஐயா?”

“பக்கத்துக் கொல்லக்காரன் பாவாடையங்க. வரப்புத் தகராறுல ஒம்போது வருசமா பேச்சே இல்ல. போவட்டும், அவனும் நல்லா இருக்கட்டும்.”

பின்வரிசையிலிருந்து தழுதழுத்த குரல் கேட்டது.

“ஒரு மாசமா நானும் இங்க ஒன்னத்தான்டா வாழ்த்திக்கினு இருக்கேன்!”

கொளஞ்சி திரும்பினார். பாவாடை!

“அடப்பாவி! இரு, ரெண்டு பேரும் ஒரே பஸ்சுல வூட்டுக்குப் போவலாம்.”