டிபன் பாக்ஸ் மூடி

கம்பெனி பஸ் வரும் நேரம். மூட்டுவாதத்தால் கலைமணிக்கு விரல்கள் மடங்காது. அதனால் வேலைக்குப் போகும் கணவன் பலராமன் தன் டிபன் பாக்ஸைத் தினமும் தானே அழுத்தி மூடிக்கொள்வான். இன்று கலைமணியே மூடி வைத்திருந்தாள்.

“இன்னா, வலி இல்லியா? புது மாத்திர கேக்குதா?”

“அது தீந்தே ஒரு மாசம் ஆவுது. முன்ன கம்பெனி லைன்ல நான் ஸ்க்ரூ முடுக்குற வேகத்தைப் பாத்து சூப்பர்வைசரே அசந்து நின்னாரே, ஞாபகம் இருக்கா?”

“மறப்பனா? தென்றல் வயித்துல இருந்தப்போ. ஒடம்பு மூட்டோட போடற சண்டைய புள்ளைக்காக நிறுத்தி வைக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்களே. பொறந்ததும் வலி திரும்பிடுச்சு.”

சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான்.

காலேஜ் பையோடு வந்த தென்றல், தானே ஜடை பின்னத் தொடங்கினாள். கலைமணி சீப்பை வாங்கிக்கொண்டாள்.

“ஒக்காரு. இன்னும் ஏழெட்டு மாசத்துக்கு நானே பின்னி வுடறேன்.”