அமெரிக்காக்காரர்

“நாளைக்கே வேலைய விடுதேன் சுப்ரஜா” என்றான் அருணாசலம்.

“இருக்க வேலைய விட்டுட்டு இந்தக் கம்ப்யூட்டரையா நம்பப் போறிய?”

“உலகத்துல யாரோ ஏஐ கிட்ட கேள்வி கேக்காங்க. நம்ம கம்ப்யூட்டர் பதில் போட்டுக் குடுக்குது. கூலியா டோக்கன் வருது. அதுலயும் ஒரு ஆளு தெனமும் கேக்குதாரு. அமெரிக்காக்காரராத்தான் இருக்கும். களக்காட்டுல உக்காந்து அமெரிக்காக் கூலி வாங்குதோம்!”

சம்பளத்தைப் பெண்டாட்டி கையில் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். வந்த டோக்கனையெல்லாம் அவள் செல்போனுக்கே அனுப்பியிருந்தான்.

சுப்ரஜா அடுக்களைக்குள் போய், தினமும் போலச் செல்போனில் ஏஐயைத் திறந்து தட்டினாள்: ‘கணவர் வேலையை விடாமல் தடுப்பது எப்படி?’ அவன் அனுப்பியதில் ஒரு டோக்கன் கழிந்தது.

கூடத்தில் கம்ப்யூட்டரின் விசிறி இரைந்தது.

“ஏட்டி, வந்துட்டாரு அமெரிக்காக்காரரு!”

சுப்ரஜா திகைத்தாள். சந்தேகத்தோடு இன்னொன்று தட்டினாள்: ‘தேங்காய்ப்பால் சொதி ஏன் திரிகிறது?’

விசிறி மறுபடியும் இரைந்தது.

“அடுத்ததும் கேட்டுட்டாரு! இனி எதுக்குட்டி ஆபீஸு?”

சுப்ரஜா செல்போனை அணைத்து, அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள்.

ஒரு வாரம் கழித்தும் அருணாசலம் ஆபீஸுக்குத்தான் போய்க்கொண்டிருந்தான்.

“அமெரிக்காக்காரரு நல்ல மனுசன். ஒரு கேள்வியும் வரல. என்ன ஆனாரோ, பாவம்” என்றான், சொதியைப் பிசைந்தபடி.