நானூற்றில் ஒரு பங்கு

சவரிநாதன் விமானத்தை உள்ளங்கையில் ஏந்தினார்.

சில்லென்றிருந்தது. வார்ப்பு உலோகத்தின் குளிர்ச்சி. பிளாஸ்டிக்காக இருந்தால் இதற்குள் கைச்சூடு ஏறியிருக்கும்.

கனம் சரி.

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பொன்மலையின் காலை வெயில் வேப்பமரத்துக்குள் புகுந்து, சல்லடையாகி, மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது.

எதிரே அவர் மனைவி ஜெசிந்தா பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துச் சொல்லுங்க. தேறுமா?"

அவள் இப்படிக் கேட்டதே இல்லை. அலமாரி நிறைய நிற்கும் விமானங்களைத் தூசி தட்டுவதோடு சரி. அதுவும் முணுமுணுத்துக்கொண்டே.

மற்றவர்கள் கேட்பார்கள். குட்டி விமானம் சேர்ப்பவர்கள் கோவையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் சவரிநாதனுக்குப் படம் அனுப்புவார்கள். நிஜத்தில் நானூற்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான் இருக்கும். அதற்குள் அவர் குறை கண்டுபிடிப்பார். மூக்கு சப்பை, விட்டுடுங்க என்பார். விட்டுவிடுவார்கள்.

நிஜ விமானத்தில் மட்டும் அவர் ஏறியதில்லை.

பயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. முட்டிவலி என்றார். வீட்டைப் பூட்டிப்போட முடியாது என்றார். ரயிலில் காசி வரைக்கும் போய்வந்தவர்.

மகள் ஷெரின் மெல்போர்னில் இருக்கிறாள். ஜெசிந்தா இரண்டு முறை தனியாகவே போய்வந்தாள். இப்போது பேத்திக்கு ஞானஸ்நானம். நேற்று ஷெரின் அழைத்தபோது, இந்தத் தடவை தனியாக வரமாட்டேன் என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். அடுத்த அறையில் அவர் காதில் விழுந்தது.

அவரிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். போன முறை திரும்பி வரும்போது விமானத்திலேயே விற்றார்களாம். அவள் வந்த அதே விமானத்தின் குட்டி வடிவம்.

இத்தனை நாள் புடவைகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. இன்னும் நாப்தலீன் வாசம்.

லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டார்.

மூக்கின் வளைவு சரி. விமானியின் ஜன்னல்கள் கோணவில்லை. எழுத்துகள் நேர்க்கோட்டில். வண்ணம் ஒன்றின்மேல் ஒன்று வழியவில்லை. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி, மன்னிக்கலாம். வாலுக்கு ஒரு பிசிறுமில்லை.

பிறகு ஜன்னல்கள்.

எறும்பின் கண்ணளவு. வரிசையாக, ஒன்றுகூடப் பிசகாமல்.

லென்ஸுக்குள் விமானம் மெல்லப் பெரிதானது.

வேப்பிலை நிழல்கள் அதன் முதுகில் ஊர்ந்து போயின. மேகங்கள் அப்படித்தான் போகும். கீழே மேசையின் மரரேகைகள் வளைந்து வளைந்து ஓடின. கொள்ளிடத்து மணல் மேலிருந்து அப்படித்தான் தெரியும் போல.

சத்தமே இல்லை.

அவர் ஒவ்வொரு ஜன்னலாகப் போனார். மூன்றாவது கதவுக்குப் பின்னால், இறக்கை முடிகிற இடத்தில், ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள்.

நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எதுவோ அழகாக இருந்திருக்க வேண்டும். முகம் அப்படி இருந்தது.

"ஏங்க, அங்க பாருங்களேன்" என்று சொல்லப் போகிறவளைப்போலத் திரும்பினாள்.

பக்கத்து இருக்கையில் அவள் கைப்பை இருந்தது.

கொஞ்சநேரம் அதையே பார்த்தாள். பிறகு மறுபடி வெளியே.

அவர் லென்ஸைக் கழற்றினார்.

ஜெசிந்தா நார் உரித்துக்கொண்டிருந்தாள். காதோரம் எல்லாம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று யோசித்தார்.

தலைக்குமேலே நிஜ விமானம் ஒன்று இறங்கும் சத்தம். எப்போதும் மாடிக்கு ஓடிவிடுவார். இன்று எழுந்திருக்கவில்லை. சத்தம் அதுபாட்டுக்கு வந்து, வீட்டை நிறைத்து, போய்விட்டது.

விமானத்தை மேசையில் நிறுத்தினார். சக்கரங்கள் எல்லாம் தரையில் படிந்தன. விரலால் தள்ளினார். வழுக்கிக்கொண்டு ஓடியது. கன்னம் மேசையில் பட அதன் மட்டத்துக்குக் குனிந்தார்.

அப்போதுதான் தெரிந்தது.

"ஒரு குறை இருக்கு."

அவள் கை நின்றது.

"தரையில நிக்கிறப்ப றெக்கை தாழ்ந்து இருக்கணும். மேல போனப்புறம்தான் காத்து அதைத் தூக்கி வளைக்கும். இதுல சக்கரம் தரையில நிக்குது. றெக்கை அதுக்குள்ள பறந்துக்கிட்டு இருக்கு."

ஜெசிந்தா முறத்தைத் தள்ளி வைத்தாள். அவளும் குனிந்து மேசையில் கன்னம் வைத்துப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் விமானம். அதன் இரண்டு இறக்கைகளும் நுனியில் லேசாக, வில்போல, மேல்நோக்கி வளைந்திருந்தன.

"இது ஒரு குறையா?" என்றாள்.

இதையே வேறு யாராவது கேட்டிருந்தால் அவர் அரைமணிநேரம் பேசியிருப்பார்.

இலை நிழல் மேசையைத் தாண்டி அவள் கன்னத்துக்கு வந்திருந்தது.

அவர் எழுந்தார். கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தான்களைப் போட வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"முடி வெட்டிக்கிட்டு ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்." செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டே சொன்னார். "பாஸ்போர்ட்டுக்கு ரெண்டு காதும் தெரியணுமாம். வெள்ளச் சட்டை ஆகாதாம்."

ஜெசிந்தா எழுந்து வந்தாள். உள்ளே மடிந்திருந்த காலரை வெளியே எடுத்துவிட்டாள். அவர் போட்டிருந்தது நீலச் சட்டை.

அதையெல்லாம் அவர் எப்போது விசாரித்தார் என்று அவள் கேட்கவில்லை.