மழைக்கோட்டுக்காரன்

காலை வண்டி அன்றைக்கும் தாமதம். அந்தக் கிராமத்து ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்துவிடும். வந்த வண்டியேதான் நகரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

வண்டி நின்றதும் நிற்காததுமாக, மழைக்கோட்டு போட்ட ஒருவன் பிளாட்பாரத்தில் காத்திருந்த கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். நகரத்துக்கு வேலைக்குப் போக நின்றிருந்த ஒரு வெல்டருக்கு ரத்தம் கொதித்தது.

"அப்போ நிக்கிற நாங்கெல்லாம் மடையனுங்களா?" வாயிலேயே ஓங்கிக் குத்தினான்.

"நா... நான்..."

பேசவிட்டால்தானே! ஆளாளுக்கு மிதித்தார்கள். ரத்தம் ஒழுக, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவனைப் பிளாட்பார பெஞ்சுக்கடியில் உதைத்துத் தள்ளிவிட்டு வண்டியில் ஏறினார்கள். வெல்டருக்கு ஜன்னலோர சீட்டே கிடைத்தது.

வண்டி மட்டும் அசையவில்லை.

"இன்னும் எடுக்காம என்னய்யா பண்றீங்க?" ஜன்னல் வழியே கத்தினான்.

பதறியடித்து வந்த கார்டு கேட்டார்: "மழைக்கோட்டு போட்ட ஒருத்தர் இந்தப் பக்கம் ஓடிவந்தாரா? அந்தக் கோடிக்குப் போய் வண்டிய எடுக்க வேண்டிய டிரைவருங்க அவரு!"