சூசைநாதன் வாங்கிய பதினெட்டு

“பதினெட்டு” என்று சொல்லி, மதராஸிலிருந்து வந்த பரீட்சைக் கார்டை மேசைமேல் போட்டார் சூசைநாதன். புதுச்சேரி பிரெஞ்சு சர்க்கார் கச்சேரியில் இருந்த குமாஸ்தாக்கள் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். அவர் இரண்டு விரலை மட்டும் நீட்டினார்.

சும்மாவா பின்னே? அவர் படித்த பிரெஞ்சுப் பாதிரிச் சாமியார் பள்ளிக்கூடத்தில் இருபதுக்குப் பதினாலு வாங்கியவனுக்கே பிரைஸ் புத்தகம் கொடுத்து, பாண்டு வாசித்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இவர் பிரெஞ்சு நாக்கை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் பதினெட்டு வாங்கியிருக்கிறார்.

பாரீஸிலிருந்து வரவழைத்த தடித்த இலக்கணப் புத்தகத்தை மூன்று வருஷமாகக் கரைத்துக் குடித்தவர். இங்கிலீஷ்காரன் ஒருவனோடும் பேசியதில்லை. பேசினால் அவன் கண்டபடி பேசித் தன் இலக்கணத்தைக் கெடுத்துவிடுவான் என்பது அவருடைய கட்சி.

கடைசியாக வந்தான் முருகையன். காகிதக் கட்டுகளுக்கு நூல் கோக்கிறவன். “ஐ வில் பி வெரி ஹேப்பி, முசே” என்றான்; அந்தக் கச்சேரியில் ‘ஐயா’வுக்கு ‘முசே’தான்.

“ஷல்” என்றார் சூசைநாதன். “‘ஐ’க்கு ‘ஷல்’தான் வரும். நீ ‘வில்’லுன்னு சொன்னா, சந்தோஷப்பட்டே தீருவேன்னு சபதம் போடறதா அர்த்தம். உன் சபதம் எனக்கு எதுக்கு?”

பரீட்சை வைத்தது மதராஸில் ஒரு கப்பல் கம்பெனி. இங்கிலீஷில் கடிதம் எழுத ஆட்கள் வேண்டுமாம். புதுச்சேரியிலிருந்து போய் எழுதியவர்கள் சூசைநாதனும் இந்த முருகையனும்தான். தன்னோடு அதே பெஞ்சில் இவனும் உட்கார்ந்து எழுதியதை நினைத்தாலே சூசைநாதனுக்கு உடம்பு கூசியது.

“நீ என்ன எழுதின?”

“மல்லாக்கொட்ட மூட்ட நனைஞ்சுபோச்சின்னு வியாபாரிக்கு லெட்டர் எழுதச் சொன்னாங்க முசே. எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

“அந்தக் கேள்வியிலயே மூணு தப்பு இருந்துச்சே, பாத்தியா?”

“பாக்கலிங்க.”

“நீ எங்க பாக்கப்போற. நான் மூணையும் விதியோட எடுத்துக்காட்டி ஆறு பக்கம் எழுதினேன். கேள்வி போட்டவன் வெக்கப்பட்டுத்தான் பதினெட்டு போட்டிருக்கான்.”

முருகையன் தலையைச் சொறிந்தான். “எனக்கும் கார்டு வந்துருக்கு முசே. அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கு.”

சூசைநாதன் கண்ணை மூடிக்கொண்டார். சாமியார் பள்ளிக்கூடத்தில் ‘டிக்தே’ உண்டு. வாத்தியார் வாசிக்க வாசிக்கப் பையன்கள் எழுத வேண்டும்; பிறகு அவனவன் எத்தனை தப்பு என்று எண்ணி எல்லார் முன்னாலும் சொல்வார்கள். கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்தவன்கூட நாற்பதைத் தாண்டியதில்லை.

“அம்பத்தெட்டுத் தப்பு. ஒரே ஒரு லெட்டர்ல” என்றார். “அதையும் பொறுமையா எண்ணி, உனக்கு ஒரு கார்டு வேற வீணாக்கியிருக்கான் பாரு.”

“முசே, அது வந்து…”

“வந்து போயின்னு இழுக்காத. உனக்குத் தமிழே சரியா வரல.”

முருகையன் கடலூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, பிரெஞ்சு தெரியாத பாவத்துக்காக இங்கே நூல் கோத்துக்கொண்டிருந்தவன். இந்த மாதிரி ஏச்செல்லாம் அவனுக்குக் காலைக் காப்பி.

சூசைநாதன் அங்கேயே உட்கார்ந்து ராஜினாமா எழுதினார். பத்தொன்பது வருஷ வேலை. இன்னும் ஒரே வருஷம் ஓட்டினால் பென்ஷன். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் மூன்று.

“ஆர்டர் வந்தப்புறம் குடுக்கலாமே முசே” என்றான் முருகையன். “கார்டுல வெறும் நம்பருதான போட்டிருக்கு?”

“பதினெட்டு வாங்கினவனுக்கு ஆர்டர் எதுக்குய்யா? அவனுங்களே ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புவானுங்க. நீ போய் உன் நூலப் பாரு.”

சட்டைப்பைக்குள் விட்ட கையை முருகையன் வெறுமனே வெளியே எடுத்தான்.

உள்ளறையில் மேலதிகாரியான ஷெப் துரை ராஜினாமாவை இரண்டு தடவை படித்தார். பென்ஷனுக்கு ஒரு வருஷம்தானே இருக்கிறது, நன்றாக யோசித்தீரா என்று பிரெஞ்சில் கேட்டார். இனி இந்த ஆளிடம் பிரெஞ்சு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று, சூசைநாதன் இங்கிலீஷிலேயே பதில் சொன்னார். நாலு ‘இஃப்’ வைத்த நீளமான வாக்கியம், ஒரு பிழை கிடையாது.

துரைக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். முத்திரை விழுந்த காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்தக் கச்சேரியில் கிடையாது.

வெளியே வந்தபோது, கதவுக்குப் பக்கத்தில் கையில் ஒரு காகிதத்தோடு முருகையன் நின்றான்.

“உனக்கு என்னய்யா உள்ள வேல?”

“ராஜினாமா குடுக்கணும் முசே. திங்கக்கிழம மதராசுல வந்து சேரச் சொல்லி, கார்டோடயே எனக்கு ஆர்டரும் வந்துடுச்சு.”

சூசைநாதன் வாய்விட்டுச் சிரித்தார். “அம்பத்தெட்டுத் தப்புக்கா?”

“தப்பு இல்லிங்க, மார்க்கு” என்றான் முருகையன், அவர் முகத்தைப் பார்க்காமல். “இங்கிலீஷ்காரன் நூத்துக்குதாங்க போடுவான், முசே.”